முதலாளி மீன்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் நீந்தத் தெரிந்தவன் ஒருவனும் கிடையாது. மலையில் பிறந்து மலையிலேயே முதுகு வளைந்தவர்கள். நாங்கள் அறிந்த தண்ணீரெல்லாம் முழங்காலுக்கு மேல் வராத ஓடையும், குழாயடியில் வரிசை நிற்கும் வாளிகளும்தான். ரிங்லெட் டவுனுக்குப் பக்கத்தில் அணை கட்டித் தண்ணீரை நிறுத்தியபோது எனக்கு இருபது வயது. அவ்வளவு தண்ணீர் ஒரே இடத்தில் அசையாமல் கிடப்பதை முதல் தடவை பார்த்துவிட்டு வந்தவர்கள், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நிற்கும்போதுகூட அதைப் பற்றியே பேசினார்கள்.

ஏரியில் ஒரு மீன் இருப்பதாகப் பேச்சு. பழைய துரை ஒருவர் சீமையிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாராம். அதன் பெயர் பாஸ் என்று ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி சொன்னார். எங்களுக்கு பாஸ் என்றால் ஒரே அர்த்தம்தான். அதனால் அது முதலாளி மீன் ஆகிவிட்டது. வாய் மட்டும் சோற்றுப்பானை அகலம் இருக்கும், தவளையை உயிரோடு விழுங்கும், பிடிபட்டால் தலையை உதறிக்கொண்டு ஆளையே இழுக்கும் என்றார்கள். முதலாளி என்று பெயர் வைத்தது சரிதான் என்று சிரித்துக்கொள்வோம்.

இந்த மீனைப் பிடித்தே தீருவேன் என்று அலைந்தவன் மாடசாமி. என் தங்கை மணியம்மாவின் புருஷன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. ஒரே கவாத்து கும்பலில் தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக்கொண்டு போவோம். நான் அவனை மாப்பிள்ளை என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். வாய் ஓயாதவன். கங்காணி செடி நிரையில் வந்து நின்றாலும் கத்தியும் நிற்காது, பேச்சும் நிற்காது.

எழுபத்தைந்தாம் வருடம், நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாள் பெய்த மழை விட்டிருந்தது. நான் அவனைக் கூப்பிடப் போனபோது வீட்டுக்குள் சண்டை நடந்துகொண்டிருந்தது. அடுப்புக்கு நேர் மேலே தகரம் ஓட்டை. மணியம்மா ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்திருந்தாள்.

"மூணு வாரமா தகரம் அடிக்கிறேன் அடிக்கிறேன்னு சொல்றீங்க. அடுப்புல தண்ணி நிக்குது. அதுல மீனு வளக்கலாம்."

"அடுத்த ஞாயிறு அடிச்சிர்றேன் புள்ள. இன்னிக்கு மழ விட்டிருக்கு. மீனு கடிக்கிற நாளு."

"மீனு ஒங்க கிட்ட வந்து நாளு சொல்லிச்சா?"

"முதலாளி சொல்லி அனுப்பிச்சாரு லா. இன்னிக்கு ஏரியில பெரட்டு."

நான் வாசலில் நின்று சிரித்தேன். அவள் என்னையும் சேர்த்து முறைத்தாள். மாடசாமி சுவரில் மாட்டியிருந்த அவளுடைய கொழுந்துக் கூடையை எடுத்தான். அவள் பாய்ந்து வந்து பிடித்தாள்.

"கூடையத் தொடாதீங்க. மீன் நாத்தம் ஏறிச்சுன்னா நாளைக்கு என் கொழுந்தையெல்லாம் கீழ கொட்டிருவாரு கிராணி."

"அவ்ளோ பெரிய மீன எதுலதான் தூக்கிட்டு வர்றது?"

"அப்ப உள்ள உரச்சாக்கப் போட்டுத் தொலைங்க."

அவன் வாசல் ஓரம் கிடந்த பிளாஸ்டிக் உரச்சாக்கை எடுத்து உதறி, கூடைக்குள் விரித்து, விளிம்பில் சணலால் இறுக்கமாகக் கட்டினான். அதைக் கட்டும்போதும் ஏதோ கேலி பேசினான். அவள் விறகைத் தூக்கி அடுப்புக்குள் எறிந்தாள்.

"அந்த ஏரியிலயே போய்த் தொலைங்க. திரும்பி வராதீங்க."

எந்த வீட்டிலும் சொல்வதுதான். ஆனால் மாடசாமி எப்போதும் வாசலைத் தாண்டும்போது "போயிட்டு வர்றேன்" என்பான். குழாயடிக்குப் போனாலும் சொல்வான். அன்றைக்கு "போறேன்" என்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அதைக் கவனித்தேன், அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

ஏரிக்கு ஓடை வந்து சேருகிற முனையில் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் தண்ணீருக்குள் நின்றன. அதுதான் எங்கள் இடம். பால்மாவு டின்னில் சுற்றிய தங்கூசி நூல், முனையில் பெரிய தூண்டில் முள், முள்ளில் உயிர்த் தவளை. நான் வலது கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வீசினேன். அவன் சுருட்டு பற்றவைத்தான்.

"மச்சான், இத புடிச்சோம்னா நேரா ஆபீசுக்குக் கொண்டு போவோம். 'தொரே, ஒங்க ஆள இழுத்துட்டு வந்திருக்கோம்'னு சொல்லுவோம்."

"வேல போயிரும்."

"போகட்டும் லா. வருசம் பூரா அவன் நம்மள இழுக்குறான்ல. ஒரு நாளு நாம இழுப்போம்."

இரண்டு மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் தங்கூசி தளர்ந்தது. மீன் போய்விட்டதென்று நினைத்துச் சுற்றத் தொடங்கினேன். டின் கையைவிட்டுத் தெறித்தது. நூல் துணியை அறுத்துக்கொண்டு ஓடியது. கொஞ்ச தூரத்தில் தண்ணீர் வெடித்து அது மேலே எழுந்தது. பச்சை முதுகு, வெள்ளை வயிறு. திறந்த வாய்க்குள் என் தலை போகும் போல இருந்தது. தலையை இரண்டு பக்கமும் உதறியது. வாயின் வலது மூலையில் என் முள் தொங்கியதைப் பார்த்தேன்.

"விட்டுறாத மச்சான். விட்டுறாத. முதலாளி," என்று மாடசாமி குதித்தான். சுருட்டு வாயிலிருந்து விழுந்தது.

அரை மணி நேரம் இழுத்தேன். அது ஓடும், நான் விடுவேன். நிற்கும், சுற்றுவேன். கடைசியில் பத்தடி தூரத்தில் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. பத்து காட்டி, ஆறு கிலோவுக்குக் குறையாது. கரைக்கு இழுத்தால் நடுவில் அடிக்கட்டை. நூல் அதில் உரசினால் அறுந்துவிடும். யாராவது தண்ணீரில் இறங்கித்தான் எடுக்க வேண்டும்.

நாங்கள் இறங்கும்போது ஒரு பழக்கம் வைத்திருந்தோம். விறகு கட்டும் கயிற்றின் ஒரு முனையை இறங்குகிறவன் இடுப்பில் கட்டிக்கொள்வான். மறு முனை கரையில் நிற்பவன் கையில். மாடசாமி இடுப்பில் கட்டிக்கொண்டு மறு முனையை என் இடது கையில் கொடுத்தான்.

"இத விட்டுறாத மச்சான். நான் செத்தா ஒந்தங்கச்சி என்னய கொன்னுருவா."

கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் கூடை என்றால் அதன் கயிறு நெற்றியில் ஏறியாக வேண்டும், கூடை முதுகில் தொங்க வேண்டும், இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம். அவன் யோசிக்காமல் மாட்டிக்கொண்டான். நானும் யோசிக்கவில்லை. மீனைக் கையால் அணைத்து முதுகுக் கூடைக்குள் தள்ளிவிடலாம் என்று கணக்கு.

முழங்கால், தொடை, இடுப்பு, நெஞ்சு. அவன் முதுகு எனக்கு. முகம் தெரியவில்லை, கூடைதான் தெரிந்தது. மீனின் வாலில் அவன் கை பட்டது. அது கடைசித் தெம்பைச் சேர்த்துப் பாய்ந்தது. நூல் என் வலது கையைக் கிழித்தது. ஒரு கையால் நிறுத்த முடியவில்லை. அந்த நேரத்தில்தான் அவன் சத்தம் போட்டான்.

"விடாத மச்சான். விடாத."

என் வலது கையில் மீன். இடது கையில் அவன். நான் இடது கையைத் திறந்தேன்.

கை தவறி விழவில்லை. இழுத்துப் பறித்துக்கொண்டும் போகவில்லை. மீனைத்தான் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டு, கயிற்றை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் நூலைப் பிடித்தேன்.

ஏரிக்கு அடியில் கிடந்த பழைய ஆற்றுப் பள்ளத்தின் விளிம்பில் அவன் கால் சறுக்கியிருக்க வேண்டும். கூடை சாய்ந்தது. வெறும் பிரம்புக் கூடையென்றால் தண்ணீர் வந்த வழியே போயிருக்கும். உரச்சாக்கு போகவிடவில்லை. நிறைந்தது. நெற்றிக் கயிறு தலையைப் பின்னால் இழுத்தது. அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன், வானத்தைப் பார்த்தபடி. பிறகு முகம் இல்லை. கயிற்றின் முனை என் காலருகே சேற்றில் நெளிந்து தண்ணீருக்குள் போயிற்று. குனிந்திருந்தால் எடுத்திருக்கலாம். நூல் இன்னும் என் கையில் விறைப்பாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கயிறு போவதைப் பார்த்தேன்.

அப்புறம் நூல் அடிக்கட்டையில் உரசி அறுந்தது.

நான் நெஞ்சளவு இறங்கினேன். கால் தரை தேடியது, இல்லை. திரும்பிவிட்டேன். கத்தினேன். ரோட்டை நோக்கி ஓடினேன். ஓடும்போதே பொய் தயாராகிவிட்டது. முதல் ஆளைப் பார்த்தபோது என் வாயில் அது சுத்தமாக இருந்தது. நான் மேட்டில் விறகு பொறுக்கப் போயிருந்தேன். சத்தம் கேட்டது. வந்து பார்த்தேன். ஆளைக் காணவில்லை.

போலீஸ்காரர் இதையே எழுதிக்கொண்டார். கையில் என்ன காயம் என்று கேட்டார். கவாத்துக் கத்தி என்றேன். நம்பினார். கவாத்து வெட்டுகிறவன் கையில் காயம் இல்லாமல் இருந்தால்தான் கேட்க வேண்டும்.

மூன்றாம் நாள் அணையோரம் மிதந்தான். கூடை கிடைக்கவில்லை. இடுப்பில் கயிறு இருந்தது.

அந்தக் கயிற்றை நான் மறந்திருந்தேன். லயம் மறக்கவில்லை. கருமாதி முடிவதற்குள் குழாயடியில் பேச்சு வந்துவிட்டது. தனியாக இருந்தவன் இடுப்பில் கயிறு எதற்கு? கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியிருப்பான், கல் நழுவியிருக்கும். காலையில் புருஷனும் பெண்சாதியும் போட்ட சண்டை பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்டிருந்தது. "திரும்பி வராதீங்கன்னாளே," என்றார்கள்.

பதினாறாம் நாள் மணியம்மா என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அவரு இடுப்புல கயிறு இருந்துச்சாமே."

"ஆமா."

"எதுக்குண்ணே?"

அவள் என் வாயையே பார்த்தாள். சொன்னால் அவள் பாரம் அந்த நிமிஷமே இறங்கிவிடும். என் தலையில் ஏறும்.

"தெரியல," என்றேன்.

மறுநாள் அவள் வீட்டுக் கூரையில் ஏறித் தகரத்தை அடித்தேன். இருபது ஆணி போதும். நாற்பது அடித்தேன்.

அதற்குப் பிறகு அவள் பேச்சு மாறிவிட்டது. 'தொலை' என்ற சொல் போனது. 'போ' என்ற சொல்லும் போனது. யாரையும் போ என்று சொல்லமாட்டாள். கோழியை விரட்டும்போதுகூட "போயிட்டு வா, போயிட்டு வா" என்று கையை ஆட்டுவாள். லயத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கோழியும் திரும்பி வந்து அரிசியைத் தின்னும்.

வருடா வருடம் அவன் திதிக்குப் படையல் வைப்பாள். கோழிக் கறி, சுருட்டு, ஒரு போத்தல் கள்ளு. மீன் மட்டும் இருக்காது. மீன் அவள் வீட்டில் வேகவே இல்லை, நானும் தொடுவதில்லை. சாமி கும்பிட்டு முடிந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"நீ போறதுக்குள்ள ஒண்ணுமே சொல்லலியாண்ணே அவரு?"

"நான் மேட்டுலதான இருந்தேன்."

"ஒரு சத்தம்கூடவா?"

"கேக்கல மணி."

அவள் தலையாட்டுவாள். எனக்குச் சோறு போடுவாள்.

எனக்கோ அந்தச் சத்தம் கேட்காத நாள் கிடையாது. கனவில் வந்தால் விழித்துக்கொள்ளலாம். இது வேலைக்காட்டில் வந்தது. விடாத என்ற சொல் இல்லாமல் எஸ்டேட்டில் ஒரு வேலையும் நடக்காது. மருந்துக் குழாயை மேட்டுக்கு இழுக்கிறவன் சொல்வான். வெட்டிய மரத்தைச் சரிவில் இறக்குகிறவன் சொல்வான். ஒவ்வொரு தடவையும் என் இடது கை திறந்துகொள்ளும். எழுபத்தொன்பதில் கொழுந்து லோரி சேற்றில் புதைந்தது. பத்துப் பேர் கயிறு கட்டி இழுத்தோம். முருகையா கங்காணி பின்னாலிருந்து, "விடாத, விடாத, வருது," என்றார். நான் விட்டுவிட்டேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். லோரி பின்னால் போய் வாய்க்காலில் சாய்ந்தது.

"ஏன்டா நாகப்பா, விடாதன்னா விடுன்னு அர்த்தமா? தமிழுதானடா பேசுறேன்," என்றார் கங்காணி. எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்குப் பேர் 'விட்டான்'. பெரட்டில்கூட, "விட்டான் வந்துட்டானா?" என்பார்கள். சிரித்துக்கொண்டே பதில் சொல்வேன்.

எண்பத்து மூன்றில் சேறு அள்ளுவதற்காக ஏரித் தண்ணீரை இறக்கினார்கள். ஒரு வாரத்தில் ஓடை முனை முழுக்க வற்றிவிட்டது. குட்டைகளில் மீன் துடிக்கிறது என்று செய்தி வந்ததும் ரிங்லெட் கடைக்காரர்கள் முதல் லயத்துக் கிழடுகள் வரை வாளியோடும் கூடையோடும் இறங்கிவிட்டார்கள். நான் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். மணியம்மா போயிருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் ஓடினேன். எட்டு வருடத்தில் அவள் ஏரிப் பக்கம் வந்ததே இல்லை.

மீன் பிடிக்கிற கூட்டத்தில் அவள் இல்லை. தள்ளி, அந்த முனையில், அடிக்கட்டைகளுக்கு நடுவில் குனிந்து நடந்துகொண்டிருந்தாள். பாவாடை முழங்கால் வரை சேறு. ஒரு கல்லைப் புரட்டினாள். பார்த்தாள். விட்டாள். அடுத்த கல்லுக்குப் போனாள்.

"என்ன மணி பண்ற?"

அவள் நிமிராமலேயே சொன்னாள். "கயிறு கட்டுற அளவுக்கு ஒரு கல்லு இருக்கணும்ல. இதுலாம் சின்னதா இருக்கு. எந்தக் கல்லா இருக்கும்ணே?"

அவள் கிட்டத்தட்ட தலையளவு ஒரு கல்லை இரண்டு கையாலும் தூக்கி எடை பார்த்தாள். இடுப்போடு சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

அப்போதுதான் ஆண்டியப்பன் வந்தான். அடுத்த லயத்து ஆள், கேலிக்காரன். தோளில் ஒரு மீன். வால் அவன் இடுப்பில் அடித்தது.

"விட்டான் அண்ணே, இங்க பாரு. முதலாளி சேத்துல மாட்டிக்கிட்டாரு. கையாலயே புடிச்சுட்டேன். நாளைக்குப் பெரட்டு கிடையாது போ."

பச்சை முதுகு. அதே வாய். அவன் கீழே போட்டான். நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியாது. மண்டியிட்டுக் கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் அமுக்கித் திறந்தேன். வலது மூலையில் விரலை விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. தழும்புகூட இல்லை. அது வேறு மீன்.

"வாய்க்குள்ள என்னண்ணே, தங்கப் பல்லா?" என்றான் ஆண்டியப்பன்.

"முள்ளு இருந்தா கையக் கிழிச்சுரும்."

"கையால புடிச்ச மீனுக்கு ஏதுண்ணே முள்ளு?" அவன் சிரித்துவிட்டு, "இருங்க, ஒரு சாக்கு கொண்டாறேன்," என்று கூட்டத்துக்குப் போனான்.

மணியம்மா அந்தக் கல்லை இன்னும் கையில்தான் வைத்திருந்தாள்.

"வலது பக்கம் மட்டும் பாத்த," என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை.

"ஒரு மீனு முள்ளோட போனது ஒனக்கு எப்படித் தெரியும்? எந்தப் பக்கம் மாட்டுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"மணி."

"நீ வெறகுக்குப் போகல."

"போகல."

அவள் கல்லை மெதுவாகக் கீழே வைத்தாள்.

நான் சொன்னேன். மீன் மாட்டியது, சாய்ந்தது, அவன் இறங்கியது. நடுவில் அவள் இரண்டு கேள்விதான் கேட்டாள்.

"கயிறு?"

"மறு முன என் கையில இருந்துச்சு. முழுகாம இருக்கத்தான் கட்டுனான்."

"கூட?"

"நெத்தியில மாட்டியிருந்தான். தண்ணி நெறஞ்சு இழுத்துருச்சு."

அவள் போடச் சொன்ன சாக்கைப் பற்றிச் சொல்லவில்லை. அது ஒன்றை மட்டும் என் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அவள் கூடையைப் பற்றி மேலே கேட்கவும் இல்லை. ஆனால் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள்.

பிறகு அந்தச் சொல்லைச் சொன்னேன். அவன் சொன்னதையும், நான் எந்தக் கையைத் திறந்தேன் என்பதையும்.

"எத்தன தரம் சொன்னாரு?"

"ரெண்டு."

"விடாத," என்றாள் அவள், தனக்குள். "விடாத." அவன் இழுத்துச் சொல்வதைப் போலவே இழுத்தாள். பிறகு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப சாகப் போகல."

"இல்ல மணி. சாகுற ஆளா அவன்?"

"நான் சொன்னதுக்காகப் போகல."

"இல்ல."

அழுவாள் என்று நினைத்தேன். என்னை அடிப்பாள் என்றும் நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்குமென்று இருந்தது. அவள் சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்தாள். முகமெல்லாம் சேறாயிற்று.

"எட்டு வருசம்ணே," என்றாள். எழுந்து, ஆண்டியப்பன் வந்ததும் அவனிடம் பாதி மீன் கேட்டாள். அவன் என் முகத்தையும் அவள் முகத்தையும் பார்த்துவிட்டு முழுசையும் கொடுத்தான்.

அன்று மதியம் அவள் வீட்டில் எட்டு வருடத்துக்குப் பிறகு மீன் வெந்தது. புளி கொதிக்கும் வாசம் லயம் முழுக்கப் போனது. அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் கதவைச் சாத்தவில்லை. வந்து பார்க்கட்டும் என்று திறந்தே வைத்திருந்தாள். தலைப்பக்கத்துத் துண்டை எடுத்து மாடசாமியின் படத்துக்கு முன்னால் வைத்தாள். பிறகு என் முன்னால் தட்டை வைத்துச் சோறு போட்டு, மேலே பெரிய துண்டாக ஒன்று வைத்தாள்.

"தின்னு."

நான் சோற்றை மட்டும் பிசைந்தேன்.

"தின்னுண்ணே. முள்ளு பாத்துத் தின்னு."

தின்றேன். நாக்கில் சேற்று வாசம் அடித்தது. அவள் எதிரே உட்கார்ந்து நான் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே நான் அடித்த நாற்பது ஆணியும் துருப்பிடித்திருந்தன. தட்டு காலியானதும் இன்னொரு துண்டு வைத்தாள். அதையும் தின்றேன். அப்புறம் கேட்டுவிட்டேன்.

"மணி, நீ அவனோட ஆறு வருசம் வாழ்ந்தவ. அவன் பேச்சு ஒனக்குத் தெரியும். எத விடாதன்னான்? மீனயா, கயித்தயா?"

அவள் குழம்புச் சட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். கரண்டியைக் கழுவினாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"எது?"

அவள் துணியை எடுத்துக் கை துடைத்தாள். கோபமில்லை அவள் முகத்தில். எட்டு வருடமாக நான் பார்த்திராத ஓய்வு ஒன்று இருந்தது, காய்ச்சல் விட்டவள் போல. நான் கை கழுவாமல் காத்திருந்தேன். விரலிடுக்கில் குழம்பு காய்ந்தது. அவள் அடுப்பில் நெருப்பைத் தள்ளினாள், விறகைப் பிரித்து வைத்தாள்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு திதிக்கும் போகிறேன். படையலில் இப்போது மீன் உண்டு. சாமி கும்பிட்டு முடிந்ததும் இப்போது நான்தான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மீனையா கயிற்றையா என்று கேட்கிறேன். "சாப்பிடுண்ணே," என்பாள்.

மீன் தின்ற அன்று மதியம் நான் எழுந்தபோது வாசல் வரை வந்தாள். ஒரு கோழி என் காலுக்குக் குறுக்கே வந்தது.

"சீ, போ," என்றாள்.

அந்தச் சொல்லை அவள் வாயில் கேட்டு எட்டு வருடம். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் உள்ளே போய்விட்டாள். கோழி அங்கேயே நின்றது.

கோழியைத்தான் சொன்னாள்.